ரிஞ்சானி எரிமலைக்கு ஒன்பது பேர்: எல்லாரும் உச்சி வரை போக வேண்டுமா?

ஜூரோங்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்ட்டில் இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் உள்ள ரிஞ்சானி எரிமலைக்குப் போவதாக இருக்கிறோம். மொத்தம் ஒன்பது பேர். நான், என் கணவர், 17 வயதில் அக்கா மகன், 58 வயதில் சித்தப்பா, மீதி ஐந்து பேரும் என்னோடு வேலை பார்ப்பவர்கள். சிங்கப்பூரிலிருந்து நேர் விமானம், மூன்று மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்றதும் எல்லாரும் சரி சொல்லிவிட்டார்கள். இப்போது உட்கார்ந்து படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது.

மலை 3,726 மீட்டர். எங்களில் பாதிப் பேர் ஏறிய பெரிய மலையே புக்கிட் தீமாதான், அது 163 மீட்டர். நானும் கணவரும் 2019இல் மலேசியாவின் கினபாலு மலை ஏறியிருக்கிறோம், அது இதைவிட உயரம் என்றாலும் அங்கே நடுவழியில் விடுதி, கட்டில், சூடான சாப்பாடு எல்லாம் உண்டு. இங்கே கூடாரம்தான் என்கிறார்கள். பயண ஏற்பாட்டாளர் மூன்று விதமாகக் கேட்கிறார்: 2 நாள் 1 இரவு, 3 நாள் 2 இரவு, 4 நாள் 3 இரவு. அலுவலக நண்பர்களுக்கு விடுப்பு குறைவு, அதனால் இரண்டு நாளிலேயே உச்சியைத் தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்கிறார்கள். சித்தப்பாவுக்கு இடது முட்டியில் கொஞ்சம் வலி உண்டு, ஆனால் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர், வரவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேர் சைவம். போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எத்தனை நாள் எடுப்பது, யார் எதுவரை போவது, எதை மறக்கக் கூடாது?

---

கூடாரக்காரன்:

சகோதரி, நான் 2017இல் ஒரு தடவை, 2023இல் ஒரு தடவை என இரண்டு முறை போயிருக்கிறேன். முதலில் அந்த இரண்டு நாள் திட்டத்தைக் கைவிடுங்கள். அது ஏறிப் பழகிய, முப்பது வயதுக்குள் இருக்கும் மூன்று நான்கு பேருக்குச் சரி. ஒன்பது பேருக்கு, அதுவும் பல வயதில் இருப்பவர்களுக்கு வேண்டாம்.

ஏன் என்று புரிய வழியைச் சொல்கிறேன். செம்பலூன் கிராமம் சுமார் 1,100 மீட்டரில் இருக்கிறது, பெரும்பாலும் அங்கிருந்துதான் ஏறுவார்கள். முதல் மூன்று நான்கு மணி நேரம் புல்வெளி. பார்க்க அழகு, ஆனால் ஒரு மரத்து நிழல் கிடையாது, அதனால் காலை ஏழு மணிக்குள் நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். போஸ் 1, போஸ் 2, போஸ் 3 என்று தங்கிப் போகும் கொட்டகைகள் வரும். மூன்றாவதைத் தாண்டியதும்தான் ஆட்டம் மாறும். அங்கே அடுத்தடுத்து ஏழு குன்றுகள், அவற்றை உள்ளூர்க்காரர்கள் 'புக்கிட் பெஞெசாலான்' என்பார்கள், 'ஏன்டா வந்தோம்' என்று வருந்தும் குன்று என்று பொருள். ஒன்றின் தலையில் ஏறி நின்றால் அடுத்ததன் தலை தெரியும். அதை முடித்தால் சுமார் 2,600 மீட்டரில் எரிமலை வாயின் விளிம்பு, பிளவாங்கான் செம்பலூன். முதல் இரவு அங்கேதான் கூடாரம்.

மாலை மூன்று நான்கு மணிக்குள் அந்த விளிம்புக்கு வந்துவிட்டால் அந்த ஒரு மாலைக்கே இந்தப் பயணம் போதும் என்று நான் மனதாரச் சொல்வேன். கூடார வாசலில் உட்கார்ந்தால் கீழே சுமார் 600 மீட்டர் ஆழத்தில் செகாரா அனாக் ஏரி, பச்சையும் நீலமும் கலந்த நிறம், அதன் ஓரத்திலிருந்து முளைத்த மாதிரி பாருஜாரி என்ற சின்ன எரிமலை. கரையில் உறைந்து கிடக்கும் எரிமலைக் குழம்பு தார் ஊற்றிக் காய்ந்த மாதிரி கறுப்பாகத் தெரியும். சூரியன் ஏரிக்கு அந்தப் பக்கம்தான் விழும். வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அப்பால் பாலித் தீவின் ஆகுங் மலையும் தெரியும்.

அப்புறம் உச்சி. இரவு இரண்டு மணிக்குக் கிளப்பி விடுவார்கள். ஏற வேண்டியது இன்னும் 1,100 மீட்டர். முதல் ஒரு மணி நேரம் செங்குத்து, முன்னால் போகிறவர் கிளப்பும் தூசி உங்கள் மூக்கில் ஏறும், மூக்கையும் வாயையும் மூட ஒரு துணி கட்டாயம். நடுவில் முகட்டின் மேல் நீளமான, கொஞ்சம் இதமான பாதை, ஆனால் காற்று. கடைசித் துண்டைத்தான் வழிகாட்டிகள் 'லெட்டர் ஈ' என்பார்கள். அது முழுக்கச் சாம்பலும் சரளையும். ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே சறுக்கும். சில இடங்களில் முழு அடியும் போய்விடும். தூரத்தைப் பார்த்தால் கைக்கெட்டும் தூரம்தான், எனக்கு முதல் தடவை அதற்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பூஜ்ஜியத்தை நெருங்கும் குளிரில், வியர்த்த சட்டையோடு நின்றால் உடம்பு ஆடத் தொடங்கிவிடும், அதனால் ஒரு மாற்றுச் சட்டையைப் பையின் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் திட்டத்தில் பெரும்பாலும் இரண்டாம் நாள் என்ன செய்வார்கள் தெரியுமா? இரவு இரண்டு மணிக்கு எழுந்து உச்சி, காலை ஒன்பது பத்துக்குத் திரும்பி வந்து சாப்பாடு, உடனே ஏரிக்கு இறக்கம், ஏரியிலிருந்து மறுபடி எதிர்ப்பக்க விளிம்புக்கு ஏற்றம், அங்கே கூடாரம். 14, 15 மணி நேரம் காலில் நிற்பது. மூன்றாம் நாள் செனாரு வரை ஏறக்குறைய 2,000 மீட்டர் இறக்கம். முட்டிவலிக்காரரை நினைத்துப் பாருங்கள். நான்கு நாள் எடுத்தால் இரண்டாம் இரவை ஏரிக்கரையில் கழிக்கலாம், பக்கத்திலேயே ஆயெக் காலாக் என்ற வெந்நீர் ஊற்று, காலை நனைத்து உட்கார்ந்தால் அந்த வலி பாதி இறங்கிவிடும்.

சுமை தூக்குபவர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கூடாரம், தண்ணீர், அரிசி, அடுப்பு எல்லாம் ஒரு மூங்கில் கம்பின் இரு பக்கமும் கூடையில் தொங்க, தோளில் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். 25, 30 கிலோ இருக்கும். காலில் ரப்பர் செருப்பு. எங்களோடு வந்த ஒருவர் கம்பைத் தோள் மாற்றும்போது சட்டை விலகியது, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தோல் காய்த்து உருண்டு நின்றது. அதைப் பார்த்தபின் என் பையிலிருந்த தேவையில்லாத சாமான்களை இரண்டாவது தடவை நான் எடுத்துப் போகவே இல்லை. ஏற்பாட்டாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதற்கு முன்னால், எத்தனை பேர் தூக்க வருகிறார்கள், அவர்கள் இரவில் படுக்க ஒழுங்கான கூடாரமும் போர்வையும் உண்டா என்று கேளுங்கள். விலை குறைந்தால் அது முதலில் அந்தத் தோளில்தான் போய் இறங்கும்.

---

ஈசூன்காரன்:

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே அது இருக்கிறது: 'யார் எதுவரை போவது'. நாங்கள் அதைப் பேசாமலே போனோம்.

2022இல் பதினொரு பேர். இரண்டு வழிகாட்டிகள் என்று சொன்னார்கள், போய் இறங்கினால் ஒருவர்தான் இருந்தார், இன்னொருவருக்குக் காய்ச்சல் என்றார்கள். அங்கே நின்று சண்டை போடவா முடியும், சரி என்று கிளம்பிவிட்டோம். அதுதான் முதல் தப்பு. உச்சிக்கு ஏறும் இரவில் வேகமாக நடக்கிற நான்கு பேர் முன்னால் போக, வழிகாட்டி அவர்களோடு போய்விட்டார். நாங்கள் நடுவில். எங்களுக்கும் பின்னால் ஒரு நண்பன், தலைவலி என்று சொல்லிக்கொண்டே வந்தான், 'நீங்க போங்க, மெதுவா வரேன்' என்றான். இருட்டு, காற்றுச் சத்தம், எல்லார் தலையிலும் விளக்கு, எந்த விளக்கு யாருடையது என்று எப்படித் தெரியும்? பின்னால் ஒரு வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது, அது அவன் என்றே நம்பிக்கொண்டு ஏறினோம்.

அது வேறு யாரோ. இவன் இரண்டு தடவை வாந்தி எடுத்து, விளக்கில் பேட்டரி தீர்ந்து, ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டிருக்கிறான். நாங்கள் இறங்கி வரும்போது ஆறரை மணி. உதடெல்லாம் வெளுத்துப்போய், கையுறையைக் கழற்ற விரல் மடங்காமல் உட்கார்ந்திருந்தான். வேறு குழுவில் வந்த சுமை தூக்குபவர் ஒருவர் தன் சரோங்கைப் போர்த்தி, ஒரு குவளை இஞ்சித் தேநீர் கொடுத்துப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அவர் யார் என்றே எங்களுக்குத் தெரியாது, நன்றி சொல்லத் திரும்புவதற்குள் போய்விட்டார். நண்பன் இறங்க இறங்கச் சரியாகிவிட்டான். அந்த உயரத்தில் சிலருக்கு இப்படி வரும், இறங்குவதுதான் மருந்து என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். ஆனாலும் அவன் முகத்தை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், கிளம்பும் முன்பே ஒன்பது பேரும் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டிரண்டு பேராகச் சோடி சேருங்கள், ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும், ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்ப வேண்டும், தனியாக யாரும் இறங்கக் கூடாது. திரும்புவதற்கு ஒரு மணியை வைத்துக்கொள்ளுங்கள், எங்கே இருந்தாலும் அந்த மணிக்குத் திரும்பல், உச்சி பத்து நிமிடத்தில் இருந்தாலும் சரி. அங்கே மேலே போய் இதை முடிவு செய்ய முடியாது, குளிரில் மூளை வேலை செய்யாது, மற்றவர்களைத் தடுக்கிறோமே என்ற கூச்சத்தில் யாரும் 'முடியவில்லை' என்று வாய் திறக்கவும் மாட்டார்கள். எங்கள் நண்பனும் அந்தக் கூச்சத்தில்தான் 'நீங்க போங்க' என்றான். ஒன்பது பேருக்கு மூன்று வழிகாட்டிகளாவது வேண்டும், அதை எழுத்தில் வாங்குங்கள், குறைந்தால் கிளம்ப மாட்டோம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும், மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

---

கல்லும்மண்ணும்:

எரிமலை வெடித்தால் என்ன செய்வது என்று யாருமே கேட்கவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். நிலவியல் படித்தவன், மலை ஏறுவதில் மற்றவர்கள் அளவுக்கு அனுபவம் இல்லை.

நீங்கள் கூடாரம் போடப்போகும் அந்த விளிம்பு இருக்கிறதே, அது ஒரு காலத்தில் ரிஞ்சானியோடு ஒட்டி நின்ற சமாலாஸ் என்ற மலையின் மிச்சம். 1257இல் அது வெடித்தது. மதுரையில் சடையவர்ம சுந்தர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்த காலம். கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று, மலையின் மேல்பாகம் உள்ளே இடிந்து விழுந்து உண்டான பள்ளத்தில்தான் இப்போது அந்த ஏரி. அதன் கந்தகம் கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் பனியடுக்குகளுக்குள் பதிந்து கிடந்தது, ஆனால் எந்த எரிமலையிலிருந்து வந்தது என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. 2013இல்தான் அது சமாலாஸ் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், லொம்போக்கில் பழைய ஜாவா மொழியில் எழுதிய ஓலைச்சுவடிகள் இருந்தன, 'பாபாட் லொம்போக்' என்று பெயர், மலை இடிந்ததும் பாமாத்தான் என்ற ஊர் புதைந்ததும் மக்கள் ஓடியதும் அவற்றில் உண்டு. ஓலையில் இருந்ததும் பாறையில் இருந்ததும் பொருந்திப் போயின. பாமாத்தான் எங்கே இருக்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது உயிரோடு இருப்பது பாருஜாரிதான். 2015இல் அது கக்கிய சாம்பலால் பாலி விமான நிலையத்தையே சில நாள் மூடினார்கள். 2016இலும் வெடித்தது. இந்தோனேசிய அரசின் கண்காணிப்பில் கீழிருந்து மேலாக நான்கு நிலைகள் உண்டு: நார்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ். கிளம்பும் வாரத்தில் ரிஞ்சானி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். சியாகா என்றால் பயணத்தை மாற்றுங்கள், பணம் போனால் போகட்டும்.

வெடிப்பைவிட நான் அதிகம் பயப்படுவது நிலநடுக்கத்துக்கு. 2018 ஜூலை 29 காலையில் 6.4 அளவில் ஒன்று வந்தது. பாதையெல்லாம் சரிந்து 500 பேருக்கு மேல் மலையில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து ஆகஸ்ட் 5இல் அதைவிடப் பெரியது, லொம்போக்கின் வடக்கில் ஏராளமான உயிர்ச்சேதம். நம்மால் தடுக்க முடியாது, ஆனால் கூடாரத்தைச் செங்குத்துப் பாறைக்கு அடியிலோ பள்ளத்தின் விளிம்பை ஒட்டியோ போட வேண்டாம் என்று சொல்லலாம் அல்லவா. ஏரி தெரிய வேண்டும் என்று விளிம்பிலேயே போடச் சொல்லும் ஆசை எல்லாருக்கும் வரும். பத்தடி தள்ளிப் போடுங்கள். இரவில் தூக்கக் கலக்கத்தில் வெளியே வருபவர்களுக்கும் அது நல்லது.

உச்சிக்கு முன்னால் வரும் அந்தச் சரளை ஏன் சறுக்குகிறது என்றும் சொல்கிறேன். உச்சிக் கூம்பில் செடி வேர் எதுவும் பிடித்துக்கொள்ளவில்லை, நுரைக்கல்லும் சாம்பலும் குவித்து வைத்த நெல் மாதிரி அதனதன் சரிவில் நிற்கிறது, மிதித்தால் நகரும். முன்னால் போனவரின் காலடித் தடத்திலேயே மிதியுங்கள், அங்கே கொஞ்சம் இறுகியிருக்கும். கணுக்காலை மூடும் உறை இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் ஷூவுக்குள் பாதி மலை இருக்கும்.

---

ஜொகூர்_அக்கா:

தங்கச்சி, சித்தப்பா விஷயம் நான் சொல்கிறேன். நான் 52 வயதில் மகளோடு போனேன், எனக்கும் முட்டிவலி. விளிம்பு வரை மட்டும்தான் போனேன், உச்சிக்குப் போகவில்லை. அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

இரவு இரண்டரைக்கு மகள் கிளம்பிப் போனதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். மலைமேல் விளக்குகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருந்தன, கார்த்திகைக்கு யாரோ மலைமேல் அகல் ஏற்றிக்கொண்டே போவது மாதிரி. எங்கள் சமையல்காரர் எழுந்து வந்து தேநீர் போட்டுக் கொடுத்தார், விடியும் வரை அவர் ஊர்க் கதை பேசினோம். ஏரியில் பாலி இந்துக்களும் வந்து பூசை செய்து காணிக்கை போடுவார்களாம், லொம்போக்கின் பூர்வகுடிகளான சசாக் மக்களுக்கும் அது புனிதமான தண்ணீராம். சித்தப்பாவுக்கு இப்படிப் பேச்சுத் துணை இருந்தால் போதும். 'நீங்க மேல வர வேண்டாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'விளிம்பில் கூடாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும் சித்தப்பா, குரங்குத் தொல்லை அதிகம்' என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, அங்கே குரங்குகள் கூடார ஜிப்பைத் திறந்து ரொட்டியை எடுத்துப் போவதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைக் கொல்லும். இரண்டு கைக்கும் ஊன்றுகோல், முட்டிக்கு உறை. ஏரிக்கு இறங்கும் வழி பெரிய பெரிய பாறைப் படிகள், அது அவருக்கு வேண்டாம். அவரும் இன்னொருவரும் ஒரு வழிகாட்டியோடு இரண்டாம் நாள் வந்த வழியே செம்பலூனுக்கு இறங்கி, கீழே நல்ல அறையில் தங்கட்டும். முன்பே சொன்னால் ஏற்பாட்டாளர் செய்து தருவார்.

சைவக்காரர்களுக்கு: 'சாயூர்' (காய்கறி) என்று மட்டும் சொன்னால் போதாது. சம்பாலில் தெராசி போடுவார்கள், நம் ஊர் பெலாச்சான்தான் அது, இறால். 'ஜாங்கான் பாக்கே தெராசி', அதாவது தெராசி போடாதீர்கள் என்று சொல்லுங்கள். முட்டை சாப்பிடுவார்களா இல்லையா என்பதையும் தனியாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நாசி கோரெங் மேல் ஒன்று உட்கார்ந்துதான் வரும். தெம்பேயும் தோஃபுவும் தாராளமாகக் கிடைக்கும். வீட்டிலிருந்து பருப்புப் பொடியும் ஒரு ஊறுகாய்ப் பொட்டலமும் கொண்டு போங்கள், மூன்றாம் நாள் அதன் அருமை தெரியும்.

பெண்களுக்கு ஒன்று. கழிப்பறை என்பது ஒரு குழி, அதைச் சுற்றி ஆள் உயரத்தில் ஒரு துணிக் கூடாரம். மாதவிலக்கு வரும் நாளானால் எல்லாவற்றையும் திருப்பிக் கீழே கொண்டுவர ஒரு தடித்த ஜிப் பை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே புதைக்க வேண்டாம். ஈரத் துடைப்புத்தாளும் அப்படித்தான். விளிம்பில் புதர்களுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது.

---

ஜூரோங்வாசி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஈசூன்காரன் எழுதியதை அப்படியே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், ஒரு மணி நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் இரண்டு நாள் திட்டம் வேண்டும் என்று நின்றவரே விடுப்பை நீட்டித்துவிட்டதாகச் சொன்னார். நான்கு நாள் எடுக்கிறோம். உச்சிக்கு ஆறு பேர், மூன்று சோடி. அக்கா மகன் என் கணவரோடு. திரும்பும் நேரம் காலை 6:30. மூன்று வழிகாட்டிகள் என்று எழுதி வாங்கியாகிவிட்டது, ஒருவர் விளிம்பில் சித்தப்பாவோடு இருப்பார், அப்போது உச்சிக்கு இரண்டு பேர்தானே என்று கேட்டதில் நான்காவது ஆளையும் சேர்த்துக்கொண்டோம், ஒருவருக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கட்டுகிறோம்.

சித்தப்பாவிடம் குரங்கு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அந்த ஏரி தெரியுமில்ல? அது போதும்மா' என்றார்.

பயிற்சி எப்படி என்று யாராவது சொல்லுங்கள். இன்னும் பத்து வாரம் இருக்கிறது.

---

கூடாரக்காரன்:

வீவக அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டு போதும். பன்னிரண்டு மாடி ஏறி, மின்தூக்கியில் இறங்காமல் நடந்தே இறங்குங்கள், முட்டிக்கு இறங்கும் பழக்கம்தான் வேண்டும். முதல் வாரம் நான்கு தடவை, வாரா வாரம் ஒன்றிரண்டு கூட்டிப் பத்துப் பன்னிரண்டுக்குக் கொண்டு வாருங்கள், கடைசி மூன்று வாரம் முதுகில் 6 கிலோ. மலைக்குப் போடப்போகும் அதே ஷூவோடு. சனிக்கிழமை ஒரு நாள் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பாதையில் நான்கு மணி நேரம் நிற்காமல் நடங்கள், ஒன்பது பேரும் சேர்ந்து, யார் வேகம், யார் மெதுவாக வருவார் என்று அங்கேயே தெரிந்துவிடும், அதை வைத்துச் சோடியை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள். சித்தப்பாவையும் படிக்கட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஆனால் அவர் மட்டும் முதல் மூன்று வாரம் மின்தூக்கியில் இறங்கட்டும், விளிம்புக்கே 1,500 மீட்டர் ஏற்றம் இருக்கிறது.